மாவுப்புழு என்ன சாப்பிடுகிறது? ஒரு கெக்கோவின் ஐந்து மாதங்கள்

என் வளர்ப்புப் பல்லி மிளகு இரையைத் தவறவிட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இடுக்கியின் நுனியில் நெளிந்துகொண்டிருந்த மாவுப்புழுவை வழக்கம்போல் உற்றுப் பார்த்தது. வால் நுனி ஆடியது. பாய்ந்தது. புழுவுக்கு ஒரு விரற்கடை தள்ளி வெறுங்காற்றைக் கவ்வியது. இரண்டாவது பாய்ச்சலில் புழு வாய்க்குள் போய்விட்டது, ஆனால் மெல்ல முடியவில்லை. பாதி நசுங்கிய புழுவை நாக்கால் வெளியே தள்ளிவிட்டுத் தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டது. பின்னங்கால் விரல்களை அப்போதுதான் கவனித்தேன். உடம்பு அசையாமல் கிடக்க, விரல்கள் மட்டும் தந்தியடிப்பதுபோல் துடித்துக்கொண்டிருந்தன.

மிளகு 14 மாத வயதுடைய பெண் லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் மிளகைக் கொட்டிவிட்டதுபோல் புள்ளிகள் என்பதால் அந்தப் பெயர். சுவரில் ஒட்டி ஏறும் பல்லி வகையல்ல இது. விரலடியில் ஒட்டும் தகடு கிடையாது, கண்ணுக்கு இமை உண்டு, வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். முன்பு என் சுண்டுவிரல் பருமனுக்கு இருந்த அந்த வால் இப்போது வற்றிப்போய், நடுவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நான் கெக்கோ வளர்க்கத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக வளர்ப்பவர்களுக்கு இரைப்பூச்சிகளைப் பற்றி நீட்டி முழக்கியவன். எந்தப் பூச்சி விஷம், எது கடிக்கும், எதைத் தோட்டத்திலிருந்து பிடிக்கவே கூடாது என்றெல்லாம் சொல்வேன். அதில் எதுவும் தவறில்லை. ஆனால் மிளகைப் படுக்க வைத்த இரை விஷமற்றது, பண்ணையில் வளர்ந்தது, பார்க்கச் சுத்தமானது. அதனால்தான் ஐந்து மாதமாக அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எடைப் புத்தகம்

சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, அதில் பல்லியை இறக்கி எடை பார்ப்பது என் வழக்கம். அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பத்து வாரங்களுக்கு முன் மிளகு 58 கிராம். அடுத்து 56. பிறகு 55, 52. அன்றைக்கு 48. ஒவ்வொன்றும் என் கையெழுத்தில், தேதியோடு இருக்கிறது. எழுதினேனே தவிர, படிக்கவில்லை. முந்தைய வரியோடு ஒப்பிட்டு, ‘மூன்று கிராம்தானே, எச்சம் போட்டிருக்கும்’ என்று சமாதானம் செய்துகொண்டேன். மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படித்திருந்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். பத்து கிராம் என்பது அதன் உடம்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

என்ன கொடுத்துவந்தேன்

ஒன்பதாவது மாதம்வரை மிளகு தின்றது சுவர்க்கோழிகளையும் டூபியா கரப்பான் குஞ்சுகளையும். ஒரு முறை வாங்கிவந்த சுவர்க்கோழிப் பெட்டியில் பாதி மல்லாந்து கிடந்தன. சில கால்களை மட்டும் மெல்ல உதைத்துக்கொண்டிருந்தன. மறுநாள் காலை மீதியும் போய்விட்டன. அறை முழுக்க அழுகல் நாற்றம். வீட்டுச் சுவர்க்கோழி இனத்தைக் கூண்டோடு அழிக்கும் டென்சோ வைரஸ் என ஒன்று இருப்பதை அப்புறம்தான் அறிந்தேன். 1977இல் ஐரோப்பாவில் இனங்காணப்பட்டது, 2010ஐ ஒட்டி வட அமெரிக்கப் பண்ணைகளைக் காலி செய்தது. பல பண்ணைகள் பட்டைச் சுவர்க்கோழி போன்ற வேறு இனங்களுக்கு மாறியதற்கு இதுவே காரணம். அந்த வைரஸ் பல்லியைத் தாக்குவதில்லை. என் பெட்டியில் நடந்தது அதுதானா, வழியில் வெக்கையில் வெந்தனவா என்று இப்போது சொல்ல முடியாது. எப்படியோ, எனக்குச் சுவர்க்கோழி வெறுத்துவிட்டது. அத்தோடு இராத்திரியெல்லாம் அந்த இரைச்சல் வேறு.

மாவுப்புழுவுக்கு மாறினேன். சத்தம் இல்லை, நாற்றம் இல்லை, தாவாது, கண்ணாடிக் கிண்ணத்தில் ஏறாது. கோதுமைத் தவிட்டில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே உறங்கும். டப்பாவைத் திறந்து ஐந்து புழுவை எடுத்து, கால்சியம் தூளில் புரட்டி, கிண்ணத்தில் போட்டால் வேலை முடிந்தது. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. மிளகுக்கும் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் பெரிய காரணம்.

குளிர்பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

சந்தேகப் பட்டியல்

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய இரவு நான் நான்கு பேரைக் கூண்டில் ஏற்றியிருந்தேன்.

முதல் ஆள், பல ஆண்டுகளாக உலவும் ஒரு கதை. விழுங்கிய மாவுப்புழு உயிரோடு வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். லெப்பர்ட் கெக்கோ இரையை நன்றாக மென்றுதான் விழுங்குகிறது. மெல்லாமல் போனாலும் இரைப்பை அமிலத்திலும் காற்றில்லாத இடத்திலும் புழு தாக்குப்பிடிக்காது. செத்த பல்லியின் உடம்பிலிருந்து புழு வந்ததை யாரோ பார்த்து, வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். இது பொய் என்று எனக்கே தெரியும். ஆனாலும் இராத்திரி இரண்டு மணிக்கு நானும் அதை நம்பினேன்.

இரண்டாவது, குடல் அடைப்பு. புழுவின் ஓடு செரிக்காமல் அடைத்துக்கொண்டதோ என்ற பயம். ஆனால் குறைவாக இருந்தாலும் எச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. தரையில் மணல் கிடையாது, காகிதம்தான். வயிற்றுச் சூட்டுக்கான பாயின்மேல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தது. குளிர்ந்த தொட்டியும் தண்ணீர் போதாத உடம்பும் சேரும்போதுதான் பெரும்பாலும் அடைப்பு வருகிறது.

மூன்றாவது ஆள்மேல்தான் என் முழுச் சந்தேகமும். பத்து நாட்களுக்கு முன் அக்கா மகன் உள்ளங்கைகளைக் குவித்தபடி ஓடிவந்தான். “மாமா, கையை நீட்டுங்கள், மிளகுக்கு விருந்து!” என்றான். உள்ளே ஒரு பச்சை வெட்டுக்கிளி. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. மிளகு அதை இரண்டே கடியில் முடித்தது.

வெளியில் பிடித்த பூச்சியில் என்னென்ன வரலாம் என்பது எனக்கு மனப்பாடம். பூச்சிமருந்து தெளித்த இலையைத் தின்ற வெட்டுக்கிளி சாவதற்கு முன் சில மணி நேரம் உயிரோடு துள்ளிக்கொண்டுதான் இருக்கும். சாகப்போகும் பூச்சி மெதுவாக நகரும், எளிதில் கையில் சிக்கும். சிறுவனின் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் அந்தப் பூச்சிதான். வீட்டுக் கரப்பான் அதைவிட மோசம். பசைபோல் வைக்கும் கரப்பான் மருந்து, அதைத் தின்ற கரப்பான் கூட்டுக்குத் திரும்பிப்போய்ச் சாகட்டும் என்றே மெதுவாக வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்டது. வெட்டுக்கிளியும் கரப்பானும் சிலவகை உருளைப்புழுக்களுக்கு இடைநிலை விருந்தோம்பிகளாகவும், அதாவது அவற்றை உடம்பில் சுமந்து பல்லிக்குக் கடத்துபவையாகவும் இருக்கின்றன. கொப்புள வண்டில் காந்தாரிடின் என்ற நஞ்சு இருக்கிறது. எருக்கஞ்செடியில் வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

எல்லாவற்றுக்கும் மேல் மின்மினி. தாடிப் பல்லி என்கிற பியர்டெட் டிராகன்கள் ஃபோட்டினஸ் இன மின்மினியைத் தின்று இறந்ததை 1999இல் ஓர் ஆய்வுக்கட்டுரை பதிவு செய்தது. லூசிபுஃபாஜின் என்ற அந்த நஞ்சு, தேரையின் தோல் நஞ்சுக்கு நெருங்கிய உறவு. ஒரே ஒரு மின்மினி போதும். மின்மினிகள் வாழும் இடத்திலேயே பிறந்து வளரும் பல்லிகள் அதைத் தொடுவதில்லை. வேறு கண்டத்திலிருந்து வந்து கண்ணாடித் தொட்டியில் வளரும் பல்லிக்கு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. அக்கா மகனிடம் வெட்டுக்கிளிக்காகக் கோபப்படாமல் மின்மினியைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொல்லி வைத்திருக்கிறேன்.

நான்காவது ஆளை நானே உள்ளே விட்டேன். மாவுப்புழுவை மிளகு ஒதுக்கத் தொடங்கியதும், பசியைத் தூண்டலாம் என்று மூன்று சுவர்க்கோழிகளைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மூன்றும் உயிரோடு இருந்தன. மிளகின் முன்னங்கால் விரல் ஒன்றில் தோல் பிய்ந்து சிவந்திருந்தது.

மேசையில்

ஊர்வன உயிர்களைப் பார்க்கும் மருத்துவர் மிளகை உள்ளங்கையில் ஏந்தி, முதலில் எதுவும் செய்யாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு விரல் நுனியால் கீழ்த்தாடையை மெல்ல அழுத்தினார். தாடை வளைந்தது. பழைய பென்சில் அழிப்பானை அழுத்தினால் எப்படி வளையுமோ, அப்படி. விரலை எடுத்ததும் மெதுவாகத் திரும்பியது. ஐந்து மாதமாகத் தினமும் கையில் எடுத்தவன் நான். ஒரு முறைகூட அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

எக்ஸ்ரேயில் அடைப்பு எதுவும் இல்லை. தொடை எலும்புகள், சுற்றியுள்ள சதையிலிருந்து பிரித்தறியவே சிரமமாக இருக்கும் அளவுக்கு வெளிறியிருந்தன. முறிவு இல்லை. வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்ததில் நான்கு கருமுட்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஆண் துணை இல்லாமலும் பெண் கெக்கோ கரு இல்லாத முட்டைகளை உருவாக்கும்.

எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர் என்னை அழைத்துக் காட்டினார். முட்டைகள்போல் சில, நீளவட்டமாகச் சில. ‘புழுத்தொற்று, அவ்வளவுதான், மருந்து கொடுத்தால் தீர்ந்தது’ என்று எனக்கு ஒரு நிம்மதி. அவர் தலையசைத்து மறுத்தார். நீளவட்டமாக இருந்தவை கிரிகரைன் எனப்படும் ஓரணு உயிரிகள். அவை மாவுப்புழுவின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள். மிளகின் வயிற்றுக்குள் வந்தது வழிப்போக்கர்களாகத்தான். இரைப்பூச்சியின் ஒட்டுண்ணியைப் பல்லியின் ஒட்டுண்ணி என்று நினைத்துத் தேவையில்லாத மருந்தை ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு என்றார். பல்லிக்கே உரிய ஊசிப்புழுவின் முட்டைகளும் ஒன்றிரண்டு இருந்தன. அந்த அளவு பல கெக்கோக்களில் சாதாரணம். லெப்பர்ட் கெக்கோக்களை உருக்கி வாலைக் குச்சியாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தனியாகப் பரிசோதித்தார். இல்லை.

வெட்டுக்கிளியைப் பற்றிக் குற்ற உணர்வோடு ஒப்புக்கொண்டேன். பூச்சிமருந்து என்றால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ உடம்பு முழுக்க நடுங்கியிருக்கும், பத்து வாரமாக எடை இறங்கிக்கொண்டிருக்காது என்று அதைத் தள்ளிவைத்தார். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.

“என்ன சாப்பிடுகிறது?”

“மாவுப்புழு.”

“அது தெரிகிறது. நான் கேட்டது, மாவுப்புழு என்ன சாப்பிடுகிறது?”

என்னிடம் பதில் இல்லை.

கணக்கு

இரைப்பூச்சிகளின் சத்துகளை அளந்தவர்களில் ஊர்வன வளர்ப்பாளர்கள் அதிகம் கேட்ட பெயர் மார்க் ஃபின்கே. 2002இல் அவர் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒரு கிலோ வளர்ந்த சுவர்க்கோழியில் கால்சியம் சுமார் 0.4 கிராம், பாஸ்பரஸ் சுமார் 2.95 கிராம். மாவுப்புழுவில் கால்சியம் 0.17 கிராம், பாஸ்பரஸ் 2.85 கிராம். பல்லிக்கு வேண்டிய விகிதம் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்பார்கள். மாவுப்புழுவில் இது தலைகீழாக, ஒன்றுக்குப் பதினேழு. சுவர்க்கோழியும் யோக்கியமில்லை, ஒன்றுக்கு ஏழு. பூச்சிக்கு எலும்பு கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பேதும் இல்லை.

கூடுதல் பாஸ்பரஸ், உணவிலிருந்து கால்சியம் உடலில் சேர்வதைத் தடுக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதைக் கரைத்து எடுத்து ஈடுகட்டும். தசையும் நரம்பும் இதயமும் அதனால் ஓடிக்கொண்டிருக்கும். எலும்பு காலியாகும். ஈடுகட்ட முடியாத கட்டத்தில்தான் விரல் துடிக்கத் தொடங்குகிறது. துடிப்பைப் பார்த்த அன்றுதான் நோய் வந்தது என்று நினைத்தேன். அது பல மாதக் கடனின் கடைசித் தவணை.

வளர்ப்பவர்கள் இந்த விகிதத்தை இரண்டு வழியில் நிமிர்த்துகிறார்கள். பூச்சிக்கு முன்கூட்டியே நல்ல தீனி கொடுத்து அதன் குடலை நிரப்பி வைப்பது ஒரு வழி. கொடுக்கும் நேரத்தில் மேலே கால்சியம் தூளைத் தூவுவது மற்றது. என் வீட்டில் இரண்டும் கெட்டிருந்தன.

குளிர்பெட்டியில் உறங்கும் மாவுப்புழு சாப்பிடுவதில்லை. சுற்றிலும் தவிடு இருந்தும் அதன் குடல் வெறுமையாகத்தான் கிடந்தது. தின்றிருந்தாலும் பெரிய பயன் இல்லை, தவிட்டிலும் பாஸ்பரஸ்தான் அதிகம், கால்சியம் சொற்பம். நான் கொடுத்தது காலி உறை.

தூளின் கதையை நேரில் பார்க்கலாம் என்று, மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மாலை ஐந்து மாவுப்புழுவைத் தூளில் புரட்டிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு எதிரே உட்கார்ந்தேன். முதலில் ஐந்தும் மாவில் பிரட்டிய பலகாரம்போல் வெள்ளையாக இருந்தன. நெளிய நெளிய, வழவழப்பான முதுகிலிருந்து தூள் உதிர்ந்தது. பதினைந்து நிமிடத்தில் புழுக்கள் மெருகேற்றிய பித்தளைபோல் மின்னின. தூள் முழுவதும் கிண்ணத்தின் அடியில். மிளகு அரைமணி நேரம் கழித்து நிதானமாக வந்து சாப்பிடும் ரகம். ஐந்து மாதமாக அந்தத் தூளைச் சாப்பிட்டது கிண்ணம்தான்.

பிறகு ஒரு சுவர்க்கோழியையும் இப்படியே பார்த்தேன். அதன் உடம்பில் முடியும் மடிப்பும் இருப்பதால் தூள் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் அது சும்மா இருப்பதில்லை. முன்னங்காலால் ஓர் உணர்கொம்பை வளைத்துப் பிடித்து, வாய்க்குள் விட்டு, அடியிலிருந்து நுனிவரை உருவியது. அடுத்தது மறு கொம்பு. அப்புறம் கால்கள். தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்வதில் பூனைக்குச் சளைத்ததல்ல. தூவிய சில நிமிடங்களில் பல்லியின் வாய்க்குள் போய்விட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தூள் டப்பாவும் விளக்கின் சூட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஆண்டுக்கு மேலாகத் திறந்து கிடந்தது. கால்சியம் கார்பனேட் கெடாது. அதோடு கலந்திருந்த வைட்டமின் டி3 சூட்டிலும் ஈரத்திலும் நலிந்துபோகும். டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை ஒழுங்காக உறிஞ்சாது. இரவில் நடமாடும் பிராணிக்குப் புற ஊதா விளக்கு எதற்கு என்று அதையும் நான் வைத்திருக்கவில்லை. குறைந்த அளவு யுவிபி என்ற புற ஊதா ஒளியிலும் லெப்பர்ட் கெக்கோவின் தோல் டி3 தயாரிக்கிறது என்பது ஆய்வில் உறுதியாகியிருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் மாவுப்புழு மட்டுமே கொடுத்தும் தங்கள் கெக்கோ நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. புழுவுக்கு ஒழுங்காகத் தீனி போட்டிருக்கலாம், அல்லது அவர்களுடையது ஆணாக இருக்கலாம். மிளகுக்கு இந்த நேரம் பார்த்து நான்கு கருமுட்டைகள். கெக்கோ முட்டைக்குக் கோழிமுட்டைபோல் கெட்டி ஓடு கிடையாதுதான், ஆனாலும் மஞ்சள்கருவுக்கு வேண்டிய கால்சியம் தாயின் எலும்பிலிருந்துதான் போக வேண்டும். ஏற்கெனவே காலியாக இருந்த பானைக்குள் நான்கு பேர் கையை விட்டார்கள்.

சிகிச்சையும் ஒரு சறுக்கலும்

மருத்துவர் அளந்து கொடுத்த திரவ கால்சியத்தைத் தினமும் உதட்டோரம் சொட்டினேன். மிளகு நக்கிக்கொண்டது. யுவிபி விளக்கு வந்தது. எலும்பு முறியும் அபாயம் இருந்ததால் கல் குகையையும் மரக்கிளையையும் எடுத்துவிட்டு, காகிதத் தரையும் லேசான பிளாஸ்டிக் மறைவிடமும் மட்டும் வைத்தேன். கையில் எடுப்பது எடை பார்க்க மட்டும்.

நான்கு நாட்கள் எதையும் தொடவில்லை. ஐந்தாம் நாள், மருத்துவர் அனுமதியோடு, ஒரு மெழுகுப்புழுவைக் கொடுத்தேன். மெதுவான புழு, மென்மையான தோல், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பு. உடனே விழுங்கியது. எனக்கு வந்த மகிழ்ச்சியில் ஆறாம், ஏழாம், எட்டாம் நாளும் அதையே கொடுத்தேன். ஒன்பதாம் நாள் சுவர்க்கோழியை நீட்டியபோது மிளகு முகத்தைத் திருப்பிக்கொண்டு என் மறு கையைப் பார்த்தது. பலகாரம் இருக்கும்போது சோறு எதற்கு என்கிற பார்வை. மெழுகுப்புழுவுக்குப் பழகிய கெக்கோ மற்ற இரையை ஒதுக்கும் என்று நானே பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று நாள் இழுபறி. கடைசியில் பின்னங்கால்களை நீக்கிய சிறு சுவர்க்கோழியின் தலையில் மெழுகுப்புழுவின் சாற்றைத் தடவி நீட்டினேன். மிளகு முகர்ந்தது, நாக்கால் தொட்டது, யோசித்தது, கவ்வியது. வளைந்த தாடையோடு அதை மென்று விழுங்க ஒன்றரை நிமிடம் ஆயிற்று. அன்று நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

இப்போது எப்படிப் பார்க்கிறேன்

பூச்சியின் பெயருக்கு முன்னால் அதன் தீனியைக் கேட்கிறேன். எங்கிருந்து வந்தாலும் இரைப்பூச்சி என் வீட்டில் இரண்டு நாளாவது தங்கித் தின்ற பிறகுதான் தொட்டிக்குப் போகும். கீரை, கேரட், அதோடு கால்சியம் கூட்டிய தீனி. இந்தக் கால்சியத் தீனியைக் கடைசி ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் வைக்க வேண்டும், நீண்ட நாள் வைத்தால் சுவர்க்கோழிகளே மடிகின்றன. பசலை வகைக் கீரையைத் தவிர்க்கிறேன், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். தண்ணீர்க் கிண்ணத்தில் சுவர்க்கோழி மூழ்கிச் சாகும், ஆகவே ஈரத்துக்குக் கேரட் துண்டே போதும். மாவுப்புழுவை முழுக்க விலக்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு நாள் அறைச் சூட்டில் தின்ன விட்டு, வாரத்தில் ஒரு முறை கொடுக்கிறேன். தோலுரித்த சில மணி நேரம் வெள்ளையாக, மென்மையாக இருக்கும் புழு கண்ணில் பட்டால் அதை மிளகுக்கென்று எடுத்து வைப்பேன்.

அன்றாட இரை டூபியா குஞ்சுகளும் சுவர்க்கோழிகளும். டூபியா வழவழப்பான சுவரில் ஏறாது, கத்தாது, நாற்றம் குறைவு. தென் அமெரிக்கக் கரப்பான் என்பதால் சில நாடுகளும் மாநிலங்களும் அதைத் தடை செய்திருக்கின்றன. உங்கள் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கரப்பான் என்றதும் முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கருப்பு சிப்பாய் ஈயின் புழு இந்தக் கணக்கில் தனி ரகம். ஃபின்கேயின் 2013ஆம் ஆண்டு அளவீட்டில், கிலோவுக்குக் கால்சியம் 9 கிராமுக்கு மேல், பாஸ்பரஸ் மூன்றரை கிராம். தூளே தேவையில்லை என்று விளம்பரப்படுத்துகிறார்கள். ஒரு சிக்கல் உண்டு. 2008இல் ஒருவகைத் தவளைகளிடம் செய்த ஆய்வில், முழுதாக விழுங்கப்பட்ட புழுக்களைவிட நசுக்கிக் கொடுத்த புழுக்களிலிருந்துதான் கால்சியம் நன்றாக உடலில் சேர்ந்தது. புழுவின் தோல் அவ்வளவு கெட்டி. கெக்கோ மெல்லும் என்றாலும், மிளகின் தாடையை நம்பாமல் இடுக்கியால் ஒரு முறை நசுக்கிவிட்டே நீட்டுகிறேன்.

பட்டுப்புழு கிடைத்தால் விடமாட்டேன். மென்மையானது, கொழுப்பு மிகக் குறைவு. கொம்புப்புழு பெரும்பாலும் தண்ணீர்தான், தாகத்துக்கு நல்லது. ஆனால் பண்ணையில் செயற்கைத் தீனியில் வளர்ந்ததாக இருக்க வேண்டும், புகையிலை, தக்காளிச் செடியிலிருந்து பிடித்ததன் வயிற்றில் அந்தச் செடியின் நஞ்சு இருக்கும். சூப்பர்வார்ம் வளர்ந்த பல்லிக்கு எப்போதாவது. கொழுப்பு சுமார் 18 சதவீதம், வலுவான கடி வேறு. அளவுக்கு மீறிப் பெரிய மாவுப்புழு கிடைத்தால் அது கூட்டுப்புழுவாகாதபடி ஹார்மோன் கொடுத்து வளர்க்கப்பட்டதாக இருக்கலாம். அதையும், தூண்டில் இரைக்காகச் சாயமேற்றிய புழுக்களையும் நான் வாங்குவதில்லை.

அளவுக்கு, பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலம் என்ற பழைய விதியே எனக்குப் போதும். வாங்கும்போது மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்க்கிறேன். அம்மோனியா நெடி அடித்தால், அல்லது இறந்தவை உயிருள்ளவற்றின் அடியில் கிடந்தால், எவ்வளவு அவசரமானாலும் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறேன். இரவில் தொட்டிக்குள் சுவர்க்கோழியை விட்டுவிட்டுப் படுப்பதில்லை. பசித்த சுவர்க்கோழிக்கு உறங்கும் பல்லியின் விரலும் இமையும் தீனிதான்.

இன்றைய நிலை

விரல் துடிப்பு மூன்றாவது வாரத்தில் நின்றது. எடை நான்காவது வாரம் 50, எட்டாவது வாரம் 55, பன்னிரண்டாவது வாரம் 57. கருமுட்டைகள் வெளியே வராமல் உடலிலேயே கரைந்துவிட்டன. மாவுப்புழுவை நிறுத்திவைத்திருந்த நாட்களில் மீண்டும் எச்சத்தைப் பார்த்தபோது கிரிகரைன்களைக் காணவில்லை. மருத்துவர் மருந்து எதுவும் கொடுத்திருக்கவில்லை. ஊசிப்புழு முட்டைகள் அதே ஒன்றிரண்டு. பன்னிரண்டாவது வார எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்கு ஓரம் தெரிந்தது, கூரான வெள்ளைக் கோடாக.

தாடை கெட்டிப்பட்டுவிட்டது. ஆனால் மென்மையாக இருந்தபோது வளைந்த கோணத்திலேயே கெட்டிப்பட்டுவிட்டது. வாய் மூடியிருக்கும்போது வலது ஓரத்தில் ஒரு நூலிழை இடைவெளி தெரியும். நேரே பாய்ந்தால் இரை நழுவுகிறது என்பதை மிளகு தானே கண்டுகொண்டு, இப்போது தலையைச் சற்றே சாய்த்து இடப்பக்கமாகக் கவ்வுகிறது. இடுக்கியை நானும் இடப்பக்கமாகவே நீட்டுகிறேன். நாளைக்கான நான்கு சுவர்க்கோழிகள் மேசைமேல் டப்பாவில் கேரட்டைக் கறுமுறுவெனக் கடித்துக்கொண்டிருக்கின்றன. இரைச்சல் தாங்கவில்லை.